மேக்கப் தேவையில்லை

"மேக்கப் தேவையில்லையண்ணே" என்றான் நிரோசன்,
வாழைச்சேனை ஐஸ் பெக்டரி வாசலில்,
கைபேசியைக் கம்பியில் மாட்டிக்கொண்டு நின்ற இயக்குநர்.
என் இடது கன்னத்தைத்தான் பார்த்தான்:
காதடியில் தொடங்கி
வாயோரம் வந்து நின்றுபோன கோடு.
எல்லாரும் ஷெல் என்று நினைக்கிறார்கள்.
நானும் திருத்துவதில்லை.
ஐஸ் கட்டி இழுக்கும் கொக்கி அது.
தொண்ணூற்றெட்டு, ஆவணி, ஈரத் தரை.
அன்று ஒருவரும் என்னை வெறுக்கவில்லை.

படத்தில் எனக்குப் பெயர் கிடையாது.
தாளில் வில்லன் என்று மட்டும் இருந்தது.
கறுப்புச் சேட்டு, கழுத்தில் பிளாஸ்டிக் மண்டையோடு,
ஒரு காலை இழுத்து நடக்கவேணும்.
"கால் ஏன் மனே?"
"அப்பதான் சனத்துக்கு விளங்கும்."

என்னோடு மீன்பெட்டி ஏற்றும் கிருபைராசா
பிறந்ததிலிருந்து காலை இழுத்துத்தான் நடக்கிறான்.
சம்பளத்தில் பாதி
தங்கச்சியின் டியூசன் காசு.
படப்பிடிப்புப் பார்க்க வந்தவன்
என் நடையைத் திருத்திவிட்டான்:
"இப்படியில்ல மச்சான்,
முதல் இடுப்பு, மறுகா கால்."

காட்சி பன்னிரண்டு.
ஒரு வீட்டுக்குள் புகுந்து
தாயிடம் மகனைக் கேட்கவேணும்.
கேட்டுவிட்டுச் சிரிக்கவேணும்.
மூன்று தரம் சிரித்தேன்.
மாடு செருமுவதுபோல் இருந்ததாம்.
"நீங்க அப்படி ஆள் ஒண்டையும் கண்டதில்லையாண்ணே?"

கண்டிருக்கிறேன்.
எந்தச் சட்டை போட்டிருந்தார் என்று சொல்லமாட்டேன்,
எங்கள் படலையை எல்லாச் சட்டைகளும் திறந்ததுதான்.
செருப்பை வாசலில் கழற்றினார்.
அவருக்குத் தடிமல்,
லேஞ்சியை மூக்கிலிருந்து எடுக்கவேயில்லை.
பிளேன்டீ கேட்டார், சீனி குறைவாக.
மடியில் ஒரு கொப்பி.
றஞ்சிதமூர்த்தி என்று அம்மா சொல்ல
பேனை நின்றது.
"சின்ன ரவா, பெரிய றவா?"
"பெரிய ற."
எழுதியதை வெட்டிவிட்டுத் திரும்ப வடிவாக எழுதினார்.
"பிழையா எழுதினா பிறகு தேட ஏலாது அம்மா."
அம்மாவுக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது.

இசை ஒன்றும் எழவில்லை.
பக்கத்து வளவில் ஆரோ தேங்காய் துருவினார்கள்.
அண்ணன் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே
அவருக்குப் பின்னால் போனான்.
படலையைச் சாத்த முதல்
தேத்தண்ணிக்கு நன்றி சொன்னார்.

நிரோசன் கொஞ்ச நேரம் மணலைப் பார்த்தான்.
"அப்படி எடுத்தா அண்ணே,
சனம் அவர நல்லவரெண்டு நினைச்சிரும்."

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம் மனே.
இதை அவனிடம் சொல்லவில்லை.
சிரித்துக் காட்டினேன்.
நாலாம் தரம் சரியாக வந்தது.

பாடசாலை மண்டபத்தில் வெள்ளைச் சீலை கட்டிப் போட்டார்கள்.
நான் வரும்போதெல்லாம் உடுக்கு அடித்தது,
வானம் பச்சையானது,
நாய் ஊளையிட்டது.
எங்கிருந்து பிடித்தானோ அந்த நாயை.
பக்கத்துக் கதிரையில் ஒரு பெண்பிள்ளை,
மடியில் கச்சான் சரை.
இருட்டில் என் முகம் அவளுக்குத் தெரியாது.

"இவன் எப்ப சாவான்?"
"கடைசியில."
"கட்டாயமா?"
"படத்தில கட்டாயம்."

நிம்மதியாக ஒரு கச்சானை உடைத்தாள்.
எனக்கும் இரண்டு தந்தாள்.

போன பங்குனியில் செங்கலடி வங்கி வரிசையில்
எனக்கு முன்னால் நின்றார்.
தடிமல் சுகமாகியிருந்தது.
படிவம் நிரப்ப
என்னிடம்தான் பேனை இரவல் கேட்டார்.
கொடுத்தேன்.
மூடியைப் போட்டுத் திருப்பித் தந்தார்.

திரையில் நான் கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தேன்.
மண்டபம் முழுக்கக் கைதட்டல்,
அந்தப் பிள்ளை கதிரையில் ஏறி நின்று தட்டினாள்.
லைட் போட முதல் எழும்பிவிட்டேன்.

வாசலில் கிருபைராசா
சைக்கிளைப் பிடித்தபடி நின்றான்.
"நடை அச்சொட்டா வந்திருக்கு மச்சான்."
சந்தோசமாகத்தான் சொன்னான்.